பூவாத்தாள் திறந்த கதவு

அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் கழிவறைக் கதவு, அவரவர் மரபணு விவரம் பதிந்த மணிக்கட்டுப் பட்டையைக் காட்டினால்தான் திறக்கும். குடல் அழற்சி வரக்கூடிய மரபணு உள்ளவர்களுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் திறக்கும். மற்றவர்களுக்கு ஷிப்டுக்கு மூன்றே தடவை.

மரகதத்தின் மரபணுவில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எட்டு மாதமாக ரத்தமாகப் போகிறது. கம்பெனி டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாரே தவிர இவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு அந்த வியாதி வராதுங்க" என்று அனுப்பிவிட்டார்.

பக்கத்து மிஷின் பூவாத்தாளுக்கு அந்த மரபணு உண்டு, வியாதிதான் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும். மரகதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்போதெல்லாம் அவளும் கூடவே வந்து, தன் பட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிடுவாள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை.

இன்று சாயங்காலம் சூப்பர்வைசர் பூவாத்தாளைக் கூப்பிட்டு ஒரு மருந்துப் பையை நீட்டினார். கதவில் பதிவானதை வைத்துப் பார்த்தால் அவளுக்கு நோய் தொடங்கிவிட்டதாம். நாளை முதல் மூன்று மாதம் சம்பளத்தோடு லீவு. "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பூவாத்தாள் பையைக் கொண்டுவந்து மரகதத்தின் மடியில் வைத்தாள். "நீங்க முழுங்குங்கக்கா. உங்க வியாதிக்குத்தான இது?"

மரகதம் பையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"மாத்திரை கெடக்கட்டும் புள்ள," என்றாள். "நாளைக்குக் கதவ யாரு தொறந்து உடுவா?"