நாலரை அங்குலம்

"யாருகிட்ட இரவல் வாங்கிட்டு வந்த இந்த மெஷினை? சுவத்துல ஓட்டை போடுன்னா, முத்தம் குடுத்துட்டு வருது!"

தையல்காரர் கத்தினார். பத்து நிமிடமாக உடம்பின் மொத்த எடையையும் போட்டு அழுத்தியும் சுவரில் அம்மைத் தழும்பு அளவுக்குத்தான் பள்ளம். ஆனால் அவர் தலையில் மட்டும் அரை மூட்டை சுண்ணாம்பு.

"தெரிஞ்சவங்ககிட்டதாங்க வாங்கினேன்" என்றாள் மனைவி. "துணி அடுக்க ஒரு பலகை மாட்டித் தாங்கன்னு மூணு வருஷமா கேக்கறேன்."

அந்தச் சுவருக்கும் வயது மூன்றுதான். ஒரே கூடமாக இருந்த வீட்டின் நடுவே நாலரை அங்குலச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் அண்ணன், தையல்காரர். அந்தப் பக்கம் தம்பி, குழாய்க்காரர். அப்பாவின் கட்டில் யாருக்கு என்று ஆரம்பித்த சண்டை. கட்டிலைக் கரையான் எப்போதோ தின்று ஏப்பம் விட்டுவிட்டது. சண்டை மட்டும் தேக்கு மாதிரி நின்றது. 'செத்தாலும் அவன்கிட்டப் பேச மாட்டேன்' என்பது தையல்காரரின் சபதம். தெருவில் யார் வீட்டுச் சுவரைத் துளைக்க வேண்டுமானாலும் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள். அதனாலேயே இவர் தானே மெஷினைத் தூக்கிவிட்டார்.

மறுபடி அழுத்தினார். மெஷின் 'கொய்ங்' என்று அழுதது.

"சுத்தினா மட்டும் போதுமா? இடிக்க வேணாமா?" என்று அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "குமிழை ரெண்டாவது படத்துக்குத் திருப்பச் சொல்லுங்க அண்ணி! சுவத்துக்குத் தைலம் தேய்க்கறாங்களாம், தைலம்!"

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். இந்தச் சுவருக்கு வாயும் இருந்தது.

தையல்காரருக்கு உச்சந்தலை கொதித்தது. "எனக்கு எவனும் பாடம் எடுக்க வேணாம்னு சொல்லிடு!" என்றார் மனைவியிடம், நாலு தெருவுக்குக் கேட்கும்படி.

"தம்பி, உங்கண்ணனுக்குப் பாடம் வேணாமாம்" என்றாள் அவள் சுவரைப் பார்த்து.

அதற்குள் தையல்காரர் குமிழைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். மூன்று படங்கள். முதலாவது, வெறும் துளை ஊசி: சுற்றுவதற்கு. இரண்டாவது, ஊசியும் சுத்தியலும்: சுற்றிக்கொண்டே இடிப்பதற்கு. மூன்றாவது, வெறும் சுத்தியல்: இடித்துத் தள்ளுவதற்கு. குமிழ் முதலாவதில் இருந்தது. இருமுகிற மாதிரி இருமி, இரண்டாவதற்குத் திருப்பினார்.

'தடதட'வென்று வீடே ஆடியது. அடுத்த நொடி, மெஷின் வாயிலிருந்து ஊசி கழன்று 'ணங்' என்று தரையில் விழுந்தது.

"விழுந்துச்சா?" அந்தப் பக்கம் ஒரே குதூகலம். "காலரைப் பின்னால இழுத்து, ஊசிக் காம்புல கொஞ்சம் கிரீஸ் தடவி, 'டக்'குனு உக்கார்ற வரைக்கும் சொருகணும். சட்டைக் காலர் இல்ல, மெஷின் காலர்!"

"டேய்! நான் ஊசி பிடிச்சப்ப நீ அரைஞாண்கயிறு கூட இல்லாமத் தெருவுல ஓடினவன்டா!"

மூன்று வருடத்தில் அவர் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள்.

"நீ தைச்ச கால்சட்டையைப் போட்டுக்கிட்டுத்தானே அண்ணே ஓடினேன்! ஒரு கால் முட்டி வரைக்கும், ஒரு கால் கணுக்கால் வரைக்கும்! பள்ளிக்கூடமே சிரிச்சுது!"

"அளவுல நான் தப்பினதே கிடையாதுடா!"

அது மட்டும் சத்தியம் மாதிரி வந்தது. ஊசியைச் சொருகி, இழுத்துப் பார்த்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தார். மெஷினின் பக்கக் கைப்பிடியில் ஆழக் கம்பி ஒன்று இருந்தது. ஊசி போக வேண்டிய ஆழத்துக்கு அதை நகர்த்தி வைத்தால், கம்பி சுவரில் முட்டி மெஷினை நிறுத்திவிடும். இரண்டு தடவை அளந்து முடுக்கினார். "ரெண்டு அங்குலம்! ஒரு நூல் கூடாது, குறையாது!"

"அளவாம்! அப்பா கட்டிலையே ரெண்டா அறுக்கச் சொன்ன ஆளு!"

அவ்வளவுதான். தையல்காரர் மெஷினை மனைவி கையில் திணித்துவிட்டு, சுவரில் மூக்கு முட்ட நின்று அதைக் குத்தினார். "அறுக்கச் சொன்னது நானா, நீயாடா?" அந்தப் பக்கமும் குத்து விழுந்தது. கட்டில், கால்சட்டை, எட்டாம் வயதில் பிடுங்கிய பம்பரம் என்று மூன்று வருடமாகப் பேசாத பாக்கி முழுவதும் அந்தச் சுவரில் இறங்கியது.

தொண்டை கட்டியதும் திரும்பி வந்து, மெஷினைப் பிடுங்கி, பள்ளத்தில் ஊசியை வைத்தார். "இப்பப் பாருடா!"

"நகருங்க, இந்தப் பக்கம் வாங்க, வாங்கன்னா!" என்று தம்பி மனைவி யாரையோ இழுப்பது கேட்டது.

தடதடதட... பொத்!

அந்தப் பக்கம் காரை பெயர்ந்து விழும் சத்தம். ஊசியை உருவினார். துளையில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு, சுண்ணாம்பு அப்பிய ஒரு கண்.

"அளவுல தப்பினதே இல்லையாண்ணே?" என்றது கண்.

தையல்காரர் ஆழக் கம்பியை அளந்தார். ஆறு அங்குலம். "ரெண்டுதான்டா வெச்சேன்... நானே அளந்து வெச்சேன்..."

"இருண்ணே, அந்த மெஷினைத் தூக்கிக் காட்டு." கண் விரிந்தது. "அடப்பாவி, நேத்துலேர்ந்து காணோம்னு நான் தேடற என் மெஷினு!"

அண்ணன் இந்தப் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். தம்பியும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். துளையில் கண்ணைக் காணவில்லை.

"அக்கா, நான் சொன்ன ஆறு அங்குலம் சரியா இருந்துச்சா?" என்று துளை வழியே கேட்டாள் தம்பி மனைவி.

"கச்சிதம்டி" என்றவள் கணவரிடம் திரும்பினாள். "என்னங்க, குமிழை மூணாவது படத்துக்குத் திருப்புங்க. ஓட்டை போட்டது போதும், ஒரு ஆள் நுழையற அளவுக்கு இடிங்க!"