முயலுக்கு ஒரு தொப்பி

"முயலுக்கு ஸ்வெட்டரா? ஸ்பிரிங்வெளி தோட்டம் பூராவும் சிரிக்கப் போகுது!" என்றான் கிஷாந்தன்.

"நமுனுகுல மலைக் காத்து அதுக்கும்தானே அடிக்குது" என்றாள் அவன் மனைவி சிவரூபி, பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். கூட்டுக்குள் முயல் கோவா இலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

மாமியார் குணமணி கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். பின்னி முடித்திருந்த மஞ்சள் தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் முயலுக்கா?"

"ஆமாங்க அத்தே."

"காது ரெண்டும் வெளிய வர ஓட்டையே இல்லியே!"

பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூடத் தைக்கக்கூடாது என்பது மாமியார் போட்டிருந்த சட்டம். சிவரூபி மடியிலிருந்த ஸ்வெட்டரை அவசரமாக இழுத்து, தன் ஏழு மாத வயிற்றோடு சேர்த்து மறைத்துக்கொண்டாள்.

குணமணி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, பசறைக் கடையில் வாங்கிய வெள்ளைக் கம்பளி உருண்டையை எடுத்து நீட்டினாள்.

"இதுல முயலு காலுக்கு மாட்டுற மேசும் பின்னிடு."

"நாலா அத்தே?"

"நாலு எதுக்கு? இந்த முயலுக்கு ரெண்டு போதும்."