வேலிக்கு வெளியே பிறந்த பொட்டு

ஒரு தோட்டத்தின் முள்வேலிக்கு வெளியே பொட்டு என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது. எந்தக் காலத்திலோ அதன் முப்பாட்டி, தோட்டக்காரர் தொடாதே என்று சொன்ன ஒரே செடியைத் தின்றுவிட்டதாம். அன்று வெளியேறிய ஆட்டுக்கூட்டம் உள்ளே திரும்பவே இல்லை.

"நான் எதையும் தின்னலையே அம்மா!" என்றது பொட்டு.

"நம்ம வாய் அப்படிடா கண்ணு," என்றது தாய் ஆடு.

பொட்டுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு மாதம் ஒழுங்காக இருந்து காட்டினால் தோட்டக்காரர் சேர்த்துக்கொள்வார் என்று நம்பி வேலியோரம் போய் நின்றது. முதல் நாளே ஒரு பூங்கொடி வெளியே எட்டிப் பார்த்தது. மோந்து மட்டும் பார்க்கலாம் என்று நெருங்கிய பொட்டு, பாதிக் கொடியைத் தின்ற பிறகுதான் நிமிர்ந்தது.

எதிரே தோட்டக்காரர் வெறுங்கையால் முட்களைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார். கையெல்லாம் ரத்தம். அவருடைய நாய் செவலை அந்த இடைவெளியில் தலையை நீட்டிக் கூப்பிட்டது.

"உள்ளே வா."

"அண்ணே, நான் இன்னும் திருந்தலையே," என்றது பொட்டு, வாய் நிறைய இலையோடு.

"தெரியும். நீ தின்னதைப் பார்த்துக்கிட்டேதான் அவர் வேலியைப் பிரிச்சார்."

வாயில் இருப்பதைத் துப்புவதா விழுங்குவதா என்று பொட்டுவுக்குப் புரியவில்லை. வெட்கமும் சிரிப்புமாக ஒரே தாவாகத் தாவி உள்ளே போனது. உடனே திரும்பி, "அம்மா, எல்லாரையும் கூட்டிட்டு வா!" என்று கத்தியது.

தோட்டக்காரர் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். கிடாக்களுக்குக் கொம்பு இடிக்குமே என்று, வழியை இன்னும் அகலமாக்கப் போனார்.