குடிக்க உகந்தது

இந்தக் காலத்தில் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல ஆளில்லை. எதற்கும் ஒரு தாளை நீட்டிவிடுகிறார்கள்.

அரசுத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொத்தனாருக்கும் தாளைத்தான் நீட்டினார்கள். எழுத்துக்கூட்டி வாசித்தார். கிருமி இல்லை. குடிக்க உகந்தது.

கிருமி இல்லையாம். பேத்தி நாலு நாளாக வாந்திபேதியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிழிந்த நாராகக் கிடக்கிறாள். தெருவில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒட்டிப்பிறந்த பிள்ளைகள் மாதிரி ஓடுகின்றன. தண்ணீர் கெட்டது என்று இங்கே எழுதிக் கொடுத்தால்தான் குழாயை மாற்ற முடியும் என்று நகராட்சி அதிகாரி கைவிரித்துவிட்டார்.

"யார் வீட்டுத் தண்ணியப் பாத்து இத எழுதினீங்க?"

கண்ணாடி போட்ட லேப்காரப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். "நாங்க குடுத்த பாட்டில்லதானே பிடிச்சீங்க, ஐயா?"

"அதுலதான். உள்ள ஏதோ வெள்ளைப் பொடி கிடந்துச்சு. சோப்பு போட்டு மூணு தடவ கழுவி, வெயில்ல காயவச்சுப் பிடிச்சேன். ஒரு சுத்தமான பாட்டில் குடுக்கத் துப்பில்ல, தண்ணியச் சோதிக்கிறீங்களாக்கும்."

அவள் பேனாவை மூடினாள்.

"அந்தப் பொடிய நாங்கதான் போட்டோம். குழாய்த் தண்ணியில குளோரின் மருந்து இருக்கும். பொடி அத முறிச்சிடும். பொடி இல்லேன்னா, நீங்க பஸ்ல வர்ற ரெண்டு மணி நேரமும் அந்த மருந்து பாட்டிலுக்குள்ளயே கிருமியக் கொன்னுக்கிட்டு வரும். இங்க வந்து சேர்றப்ப தண்ணி நல்ல பிள்ளையாயிடும்."

புதுப் பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கழுவக் கூடாது, உள்ளே விரல்கூடப் படக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள்.

கொத்தனார் தலையாட்டி வாங்கிக்கொண்டார். மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நல்ல கலவை என்று சத்தியம் செய்கிறவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார். இவர்களே பொடி போடுவார்களாம், இவர்களே சோதிப்பார்களாம், இவர்களே நல்லது என்பார்களாம். பிள்ளை உயிர் இவர்களுக்கு விளையாட்டு.

வாசல் குழாயடியில் மூடியைத் திறந்தார். பாட்டிலை நன்றாக அலசிக் கவிழ்த்து உதறிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அந்தப் பெண் அவ்வளவு சொன்னதற்காக, சோப்பு மட்டும் போடவில்லை.