சத்தம் என் பொறுப்பு

"மேளத்தை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

பொன்னையா நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்தார். "என்ன தம்பி, பிழை விட்டிட்டமோ?"

"இல்லை அண்ணை. நீங்கள் வாசிச்சது ஒண்டும் போனிலை விழேல்லை."

ஓமந்தையில், ஜெயரூபி வீட்டுக் கல்யாணப் பந்தல். கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். அன்று படம் பிடிக்கும் போனை என் உதவியாள் நிரோஜனிடம் கொடுத்திருந்தேன். சத்தம் பதியும் போனை மட்டும் நான் யாரிடமும் கொடுப்பதில்லை. எனக்கு ஒரு ராகமும் தெரியாது என்பது வேறு விஷயம்.

பொம்பிளை ஜெயரூபியின் தகப்பன் பாலன் வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு தெறித்து, இரண்டு கண்ணிலும் கட்டு. நாளைத் தள்ள வேண்டாம் என்றவரும் அவர்தான்.

"படம் எனக்கு என்னத்துக்கு? தாலி கட்டேக்க அடிக்கிற மேளம் தெளிவாக் கேட்டாக் காணும்," என்று போனில் சொன்னார். "உம்மை நம்பித்தான் கிடக்கிறன்."

பதிந்ததை மறுபடி போட்டுக் கேட்டேன். நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை. பந்தலில் இருந்த யாரோ ஒரு பெரியம்மாவின் குரல் மட்டும் துல்லியமாக இருந்தது: "இந்த விசரனுக்கு எப்பிடியப்பா பொம்பிளை குடுத்தவை?"

அதை உடனே அழித்தேன்.

மைக் புதிது. அதில் இரைச்சலை நீக்க ஒரு பொத்தான் இருந்தது. இருக்கிற பொத்தானை அமத்தாமல் விடுவது என் வழக்கமல்ல. அது மனிதர் கதைப்பதை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டது.

"அண்ணை, இந்த மிசின் உங்கட வாசிப்பை இரைச்சல் எண்டு நினைச்சிட்டுது."

"மிசினிலை பிழையில்லை," என்றார் தவில்காரர் தயாபரன். "கனகாலமா எனக்கும் அந்த நினைப்புத்தான்."

பொத்தானை அணைத்தேன். இப்போது சத்தம் கூடி உடைந்தது. மைக்கைத் தவிலுக்கு முன்னால் ஒட்டச் சொன்ன மேதையும் நான்தான். நிரோஜனைக் கூப்பிட்டு அதை மணவறைத் தூணுக்கு மாற்றுவித்தேன். காற்று இரையாமல் மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி. போன் அதிராமல் என் சால்வையை மடித்துக் கீழே வைத்தேன். லவுட்ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னேன். வெடி கொளுத்த நின்றவர்களைப் படலைக்கு வெளியே துரத்தச் சொன்னேன். ஏ-ஒன்பது வீதியால் போன லொறிகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஜெயரூபி கூறைச் சேலை மாற்றிக்கொண்டு மணவறைக்கு வந்தாள். எல்லோரும் சேலையைப் பார்த்தார்கள். நான் வளையல்களைப் பார்த்தேன்.

"வளையலை ஆட்டாதையும். மைக்கிலை விழும்."

"மூச்சு விடலாமோ?"

"மெல்லமா விடும்."

இயர்போனைக் காதில் மாட்டினேன். ஐயர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கவனிக்கவில்லை. அவருடைய குரல் எந்த அளவில் ஏறுகிறது என்பதைத்தான் பார்த்தேன். பிறகு அவர் கையை உயர்த்தினார்.

கெட்டிமேளம்.

அப்படியொரு சத்தத்தை நான் பதிந்ததேயில்லை. தவிலின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. நாதஸ்வரம் அதற்கு மேலே, எங்கும் கீறாமல் நின்றது. போனில் அளவுக்கோடு சிவப்பைத் தொடவேயில்லை. இதைக் கேட்டால் பாலன் கட்டிலில் எழும்பி இருந்துவிடுவார். எனக்கே கண் மூடியது.

மேளம் நீண்டது. வழக்கத்தைவிட நீண்டது. கண்ணைத் திறந்தபோது பொன்னையாவின் கன்னங்கள் வெடித்துவிடும் போலிருந்தன. இன்னும், இன்னும் என்று கை காட்டினேன். ஐயர் மற்றக் கையால் எதையோ என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நல்ல வேலைக்காரனுக்கு அந்த மரியாதை கிடைக்கத்தான் வேண்டும்.

ஐயர் கையை இறக்கினார். மேளம் நின்றது. அந்த அமைதியில் ஜெயரூபியின் குரல், ஒரு எழுத்தும் உடையாமல், போனில் பதிந்தது.

"அப்ப தாலியை நானே கட்டட்டோ?"