கைப்பட்டை கூப்பிடாத முகூர்த்தம்

மகள் யாழினி கழுத்தில் தாலி ஏறும்போது செண்பகவல்லி தாலியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற புருஷன் திருமேனியின் கைப்பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரத்தப் புற்றுநோய்க்கு அவருக்கு இரண்டு மருந்துகள். காலையில் போடும் முதல் மருந்து புற்றணுவைப் பக்குவப்படுத்தும். பக்குவமானதும் அதை அறிந்து கைப்பட்டை ஒலியெழுப்பிக் கூப்பிடும். உடனே இரண்டாவதை ஏற்றினால்தான் அது அணுவுக்குள் சேர்ந்து கொல்லும். எப்போது கூப்பிடும் என்பது அந்த அணுவுக்கே வெளிச்சம். ஒரு நாள் தவறினாலும் அது சுதாரித்துக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்தும் கேட்காது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் குளியல், தூக்கம், சாப்பாடு, துட்டி கேட்கப் போன சாவு வீடு எல்லாமே பாதியில் விட்டு ஓடியவைதான்.

கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்தது. கைப்பட்டை கூப்பிடவில்லை.

“என்னங்க, இது கெட்டுப்போச்சா?”

“நல்லாத்தான் இருக்கு. காலையில நான் முதல் மருந்தப் போடல.”

“அட பாவி மனுசா! அது சுதாரிச்சுக்கிட்டா என்ன பண்ணுவீக?”

“தாரை வாக்கையில செம்பைப் போட்டுட்டு ஓடச் சொல்லுதியா? பிள்ள கல்யாணத்துக்குமா அந்தக் கழுதைகிட்ட நேரம் கேக்கணும்?”

ஏச வாயெடுத்தவளை, சம்பந்தியம்மா கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப் போனாள். சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று எல்லாவற்றையும் பாதியில் எழுந்து ஓடாமல் நிதானமாகச் சாப்பிட்டாள். இலையை மடிக்கும்போதுதான், இன்றைக்குப் போய் இப்படிப் பசித்திருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.