ஆடுகிற பல்

"நல்லா ஆ காட்டுங்க, பாஸ்டர்."

பாஸ்டர் வாயைத் திறந்ததுதான் தாமதம், பல் டாக்டர் ஆரம்பித்துவிட்டார்.

இயேசு என்று ஒருவர் பிறக்கவே இல்லை, எல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டிய கதை என்பது டாக்டரின் கட்சி. அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்தில் ஒருத்தனாவது அவரைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தானா? பின்னால் எழுதியவர்களில் பக்கத்தில் நின்று பார்த்தவன் யார்? இந்தக் கேள்விகளை எல்லாம் அவர் பாஸ்டரின் கடைவாயைப் பார்த்தபடியே கேட்டார்.

பாஸ்டர் "ங்ஆ" என்றார். விரலைத் தூக்கினார். எச்சில் உறிஞ்சும் குழாயின் கொர் சத்தத்தில் அது எடுபடவில்லை.

வாய் கொப்பளிக்கிற நேரம் மட்டும்தான் பாஸ்டரின் முறை.

"அவரோட சகோதரர் யாக்கோபை நேர்ல பார்த்ததா, அந்தக் காலத்துலயே வாழ்ந்த பவுல் தன் கடிதத்துல எழுதியிருக்காரே. இல்லாத ஆளுக்கு ஏது டாக்டர் சகோதரர்?"

நியாயமான கேள்விதான். டாக்டர் பஞ்சை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டார். வாதத்தில் ஜெயிக்க இப்படி ஒரு வசதி எந்த வக்கீலுக்கும் கிடையாது. பாஸ்டரும் சிரித்துக்கொண்டே பஞ்சைக் கடித்தார்.

மற்ற நோயாளிகளிடம் டாக்டர் இவ்வளவு பேசுவதில்லை. மனைவி இருந்தவரை, சாப்பாட்டு மேஜையில் அவரை எதிர்த்துப் பேசுவதே அவளுக்கு வேலை. அவள் இறந்த பிறகு வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது. வாரத்தில் ஒருநாள், பாஸ்டர் இந்த நாற்காலியில் சாயும்போதுதான் மனிதருக்கு உயிர் வருகிறது.

இன்றோடு அதுவும் முடிகிறது. வேர் சிகிச்சை ஆயிற்று. பல்லுக்குக் கேப்பும் ஒட்டியாயிற்று. டாக்டர் பாலிஷ் போட்ட இடத்திலேயே மறுபடியும் பாலிஷ் போட்டார். அப்புறம் பக்கத்துப் பல்லுக்கும் போட்டார்.

கடைசியில் விளக்கை அணைத்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

பாஸ்டர் எழுந்து செருப்பை மாட்டினார். டாக்டர் கையுறையைக் கூடக் கழற்றாமல் நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"கீழ்வரிசையில, இடது பக்கம், கடைசிப் பல்லு... லேசா ஆடுது" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு. "அடுத்த வாரம் ஒரு தடவை வந்தீங்கன்னா பார்த்துடலாம்."

பாஸ்டர் நாக்கை அந்தப் பக்கம் அனுப்பிப் பார்த்தார். டாக்டரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

"என் வாய்க்குள்ள நானா பார்க்க முடியும்? கண்ணால பார்த்தவர் நீங்க சொல்றீங்க, நம்புறேன். வர்றேன்."

டாக்டர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

தெருவில் இறங்கியதும் பாஸ்டரின் நாக்கு மறுபடியும் அந்த இடத்துக்குப் போனது.

அங்கே பல்லே கிடையாது. போன வருஷம் அதைப் பிடுங்கியதும் இதே டாக்டர்தான்.